பதினாறு வயதுக் குட்டி யானை: விற்பதா, வைத்துக்கொள்வதா?

குலசேகரம் விளைக்காரன்:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டு முற்றத்தில் 2009-இல் மார்த்தாண்டத்தில் பதிவு செய்த, டி.என். 75 எண் கொண்ட டாடா ஏஸ் என்ற சிறிய சரக்கு வண்டி ஒன்று நிற்கிறது. அடுத்த மாதம் அதற்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிகிறது. பட்டறையில் காட்டியபோது, அடிப்பாகத்திலும் லோடு பெட்டியிலும் துரு வேலை, முன் அச்சுக்குக் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் முளை), பின்பக்கம் பட்டை (பாரம் தாங்கும் வில் தகடு), பெயிண்ட் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். இதை விற்றுவிட்டுப் புதிது எடுக்கலாம் என்கிறான் என் மகன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் மனம் ஒப்பவில்லை. அது வெறும் பாசமா, கணக்குப் பார்த்தாலும் நிற்கக்கூடியதா என்று தெளிவுபெறவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்த வண்டி வருவதற்கு முன்பு எங்கள் விளையிலிருந்து (தோட்டத்திலிருந்து) ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் (மரத்தில் ஒட்டி உறைந்த பால்) சானல் (கால்வாய்) கரை வரை தலைச்சுமையாகத்தான் போகும். இரண்டு பக்கமும் கையாலை (தடுப்புச் சுவர்) நிற்கும் ஒற்றையடி வழியைச் சற்று அகலப்படுத்தி வைத்திருந்தோமே தவிர, லாரி உள்ளே வராது. மூன்று சக்கர வண்டி வரும். ஆனால் மழைக்காலத்தில் பாரத்தோடு அந்த ஏற்றத்தில் ஏறாது. 2005 மே மாதத்தில் ஏஸ் சந்தைக்கு வந்து, இரண்டு மூன்று வருடத்திற்குள் எல்லோர் வாயிலும் 'குட்டி யானை' ஆகிவிட்டது. ஒன்றரை மீட்டர் அகலம், முக்கால் டன் சுமை. கண்ணாடியை மடக்கினால் எங்கள் வழியில் இரு புறமும் ஒரு சாண் இடம் மிஞ்சும். என் தகப்பனார் அந்த வழியைக் கயிறு பிடித்து அளந்து பார்த்த பிறகுதான் வண்டிக்கு முன்பணம் கட்டினார்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்ததை இங்கே யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் விளையில் பாதி ரப்பர் மரம் சாய்ந்தது. பல நாள் மின்சாரம் இல்லை. முறிந்த மரங்களைத் துண்டாக்கி இந்த வண்டியில்தான் சாலைக்குக் கொண்டு சேர்த்தோம். திரும்பி வரும்போது குடிதண்ணீர் கேன் ஏற்றி வந்தோம். இரவில் இதன் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து அக்கம்பக்கத்தார் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு நாள்கூட ஸ்டார்ட் ஆகாமல் நின்றதில்லை.

இப்போது மாதம் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. ஷீட், ஒட்டுபால், மட்டி வாழைக்குலை, எப்போதாவது உரம், அவ்வளவுதான். இந்த ஓட்டத்திற்கு 38,000 செலவழிக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

---

மார்த்தாண்டம் பட்டறை:

தம்பி, முப்பது வருடமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு இரண்டு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், நன்றாக இருக்கிறதா? இன்ஜின் காலையில் முதல் முறையிலேயே எடுக்கிறதா? இந்த இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் மற்றதெல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும் சாமான்.

இன்ஜினைப் பற்றி உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். பழைய டாடா இண்டிகாவில் இருந்த டீசல் இன்ஜின் நான்கு சிலிண்டர், 1405 சி.சி. ஏஸில் இருப்பது இரண்டு சிலிண்டர், 702 சி.சி. இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 75 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 79.5 மில்லிமீட்டர். அதாவது காரின் இன்ஜினைச் சரிபாதியாக்கி இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். 16 குதிரைத்திறன்தான். ஆனால் முழுவதும் மெக்கானிக்கல் பம்ப்; டீசலை அளந்து அனுப்பக் கணினிப் பெட்டி கிடையாது. பழுது வந்தால் கருவி சொருகிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. காதும் கையும் போதும்.

காலையில் எடுக்கத் திணறினால், சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் போனால் மீதி மூன்றும் இழுத்துக்கொண்டு போய்விடும், ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இரண்டு சிலிண்டரில் ஒன்று போனால் பாதி இன்ஜின் போனதற்குச் சமம். பேச்சிப்பாறைப் பக்கம் மார்கழிக் குளிரில் வெள்ளைப் புகை விட்டு, உதறி உதறி, அரை நிமிடம் கழித்துச் சீராகிறது என்றால் பெரும்பாலும் காரணம் அதுவே. பேட்டரி மாற்றி, செல்ஃப் மோட்டார் பிரித்து, பம்ப் கழற்றி ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் ஒரு பிளக் மாற்றி அனுப்புவேன்.

சேஸைப் பார்க்க வேண்டிய இடம் கேபினுக்கும் லோடு பெட்டிக்கும் இடையில். அங்கே சேறு தங்கும். கம்பி பிரஷால் சுரண்டிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடத்தில் அந்த ஒலி செத்துப்போகும். அப்படிச் சத்தம் மாறும் இடம் பட்டையின் முன் கொண்டைக்கு (பட்டை சேஸோடு சேரும் முனைக்கு) அருகில் இருந்தால் இந்த வண்டிக்குப் பணம் போடாதீர்கள். மற்ற இடமென்றால் தகடு வைத்து வெல்டு செய்யலாம்.

கிங்பின் மாற்றியே தீர வேண்டும், அதில் பேரம் வேண்டாம். இந்த வண்டிக்கு முன்பக்கமும் லாரி போலத்தான். ஒரே அச்சு, அதோடு பட்டை. கிங்பின் தேய்ந்த வண்டி நேராக ஓடாது, டயரை ஓரமாகத் தின்னும். மாதம் ஒரு முறை கிரீஸ் அடித்திருந்தால் அது இந்நேரம் தேய்ந்திருக்காது என்பதையும் வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

---

குளச்சல் கடலோரத்தான்:

அண்ணாச்சி, என் வண்டி 2011. உங்கள் வண்டி பார்த்த துருவைவிட நான்கு மடங்கு துருவை என் வண்டி பார்த்திருக்கும். குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் மீன் ஏற்றித் திங்கள்சந்தைக்கும் வடசேரிக்கும் தினமும் போய் வந்த வண்டி அது.

கடற்கரை வண்டியைத் தின்பது மழை என்று பலர் நினைக்கிறார்கள். மழை நல்ல தண்ணீர், அது கழுவிவிட்டுப் போகும். தின்பது உப்பு. உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயில் அடித்தாலும் தகடு உள்ளுக்குள் காயாது. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று தூக்கி வரும் சாரல், கரையிலிருந்து எவ்வளவோ தள்ளி நிற்கும் வண்டியிலும் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர். அது லோடு பெட்டியின் பின்மூலைக்கு ஓடி, கதவின் கீல் இருக்கும் மடிப்பில் தங்கும். மேலே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். ஒரு நாள் விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

முதல் மூன்று வருடம் நான் வண்டியை மேலே மேலே கழுவினேன். அது வீண் வேலை. பிறகு என் மாமா ஒருவர் சொன்னபடி, வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தி, அடியிலிருந்து மேல்நோக்கித் தண்ணீர் அடிக்கத் தொடங்கினேன். சேஸின் உட்புறம், சக்கரத்திற்கு மேல் உள்ள வளைவு, கேபின் தரையின் அடிப்பக்கம் என மூன்று இடத்திற்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும், அதுவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு என்பதால் பொதுக்குழாயில் பிடித்து வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. லோடு பெட்டியின் தரையில் அயினிப் பலகை போட்டிருக்கிறேன். வள்ளத்திற்கு (மரப் படகுக்கு) பயன்படுத்தும் அதே மரம். பலகைக்கு அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய், இரண்டு பூச்சு பூசினேன். எங்கள் முன்னோர் வள்ளத்திற்குப் பூசியதும் அதைத்தான். பூசும்போது கையில் படக்கூடாது, தோல் வெந்துவிடும். ஆறு வருடமாகப் பலகை அப்படியே கிடக்கிறது. பலகைக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், தண்ணீர் ஓடிப் போகட்டும்.

---

குலசேகரம் விளைக்காரன்:

குளச்சல் தம்பி சொன்னதைப் படித்தவுடன் முற்றத்திற்குப் போய்ப் பின்மூலையை அழுத்திப் பார்த்தேன். வலப்பக்கம் உறுதியாக இருக்கிறது, இடப்பக்கம் விரல் உள்ளே போனது. இவ்வளவுக்கும் எங்கள் வண்டி கடலைப் பார்த்ததே இல்லை. ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலக் கேனை எப்போதும் இடப்பக்க மூலையில்தான் சாய்த்து வைத்துக் கட்டுவோம். மூடியிலிருந்து கசிந்ததைப் பதினாறு வருடமாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் அதே இடத்தில் கிடைத்தது. தரையில் தண்ணீர் வடிவதற்கு இருக்கும் துளைகளை ரப்பர் பால் அடைத்திருந்தது. சிந்திய பால் துளைக்குள் இறங்கி, உறைந்து, அதன் மேல் மறுபடி பால் இறங்கி, கட்டைவிரல் தடிமனில் கறுத்துப்போன ஒரு முளையாக நின்றது. குறடு வைத்து இழுத்தபோது ஒரு சாண் நீளத்திற்கு நீண்டு, பட்டென்று வெளியே வந்தது. அதன் பின்னால் அரைக் குவளை அளவு செம்மண் நிறத் தண்ணீர் கொட்டியது. மழை பெய்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

---

ஆரல்வாய்மொழி 207:

நான் ஏஸ்காரன் இல்லை, டாடா 207 டி.ஐ. வைத்திருக்கிறேன். 2956 சி.சி. நேரடி உட்செலுத்தல் டீசல் இன்ஜின். இந்த வரிசையின் மூத்த அண்ணன் 1988-இல் வந்த டாடாமொபைல் 206. பின்னாளில் வந்த சியராவும் எஸ்டேட்டும் அந்த வண்டியின் அடித்தளத்திலிருந்து பிறந்தவை என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சிறிய சரக்கு வண்டியிலிருந்து கார் பிறந்த கதை அது. காரிலிருந்து சரக்கு வண்டி பிறந்த கதை உங்களுடையது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றை அனுபவித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஏஸ் வெற்று வண்டி சுமார் 800 கிலோ. தார்ப்பாய் கட்டி, உள்ளே பாரமில்லாமல் முப்பந்தல் வழியாக நெல்லைக்குப் போகும்போது காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். கிங்பின் தேய்ந்த வண்டியென்றால் ஸ்டியரிங் கைக்குள் நிற்காது. பட்டறைக்காரர் பேரம் வேண்டாம் என்று சொன்னதை நானும் வழிமொழிகிறேன். வெற்று வண்டியாக வரும்போது தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டி வையுங்கள், அதிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

---

தோவாளைப் பூக்காரன்:

மன்னிக்க வேண்டும், நான் மாற்றுக் கருத்துச் சொல்ல வந்திருக்கிறேன். பதினொரு வருடம் பழைய ஏஸ் ஓட்டினேன். தோவாளைச் சந்தையில் விடிவதற்கு முன்பே பிச்சியும் மல்லியும் அரளியும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போவது என் தொழில். ஓணம் சமயத்தில் ஒரே நாளில் இரண்டு முறை போவேன். பூவுக்கு எடை கிடையாது, நேரம்தான் எடை. அரை மணி நேரம் பிந்தினால் பாதி விலை.

அந்த வேலைக்குப் பழைய ஏஸ் சரிப்பட்டு வராது. தேசிய நெடுஞ்சாலையில் 60-க்கு மேல் போனால் இன்ஜினின் அதிர்வு முதுகெலும்பில் ஏறும். பின்னால் வரும் பேருந்துகள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கும். விளக்கு வெளிச்சம் குறைவு. காலுக்கும் முன்தகட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு முழம்கூட இல்லை. ஒரு நாள் அதிகாலையில் எதிரே வந்த வண்டி என் பக்கம் ஒதுங்கியபோது, மோதாமல் தப்பினேன் என்றாலும் அந்த ஒரு முழத்தைப் பற்றிய நினைப்பு போகவில்லை. அந்த மாதமே விற்றேன். இன்று வரை அதற்காக வருந்தவில்லை.

ஆகவே, தினமும் 150 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள் பழைய வண்டிப் பாசத்தை ஓரமாக வைத்துவிட வேண்டும். விளைக்குள் மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு வைத்துக்கொள்வதே சரி. வண்டியின் வயதைவிட அது ஓடும் சாலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

---

தக்கலை வழக்கு மேசை:

எஃப்.சி. குறித்தும் சட்டம் குறித்தும் எங்கள் ஊரில் நிறையத் தவறான பேச்சு உலவுவதால் நான்கு வரி எழுதுகிறேன்.

பதினைந்து வருடம் ஆனால் வண்டியை உடைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் தனியார் வண்டிகளுக்குச் சட்டம் இல்லை. டெல்லித் தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பிறப்பித்த உத்தரவையும், அரசுத் துறை வண்டிகளுக்கான 15 வருட விதியையும் கேள்விப்பட்டு மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்திற்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் கணிசமாக உயர்ந்திருக்கிறது. ஏழு வருடம் கடந்த சரக்கு வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. இவற்றையும் உங்கள் 38,000-த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏஸின் மொத்த எடை, சுமையோடு சேர்த்து, 1550 கிலோ. 3000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66-இன்படி பர்மிட் தேவையில்லை. இலகுரக வண்டி உரிமம் வைத்திருப்பவர் 7500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்தது. ஆகவே உங்கள் மகன் கார் உரிமத்தோடு இதை ஓட்டலாம். விபத்து நேர்ந்தால் அந்த ஒரு காரணத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கொடுக்க மறுக்க முடியாது. ஆனால் எஃப்.சி. முடிந்த வண்டியை ஒரு நாள்கூடச் சாலையில் இறக்காதீர்கள். இழப்பீட்டு வழக்கில் அது எவ்வளவு பெரிய தலைவலி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

---

அருமனை மரலோடு:

எல்லோரும் துருவைப் பற்றியே பேசுகிறீர்கள். என் ஏஸில் ரப்பர் தடி ஏற்றுகிறேன். ஒன்றரை டன் வரை ஏற்றியிருக்கிறேன். பின்பக்கம் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன், வண்டி அசையவில்லை. குட்டி யானை என்று பெயர் வைத்தது சும்மாவா? விளைக்காரர் புதுப் பட்டை போடும்போது கூடுதலாக ஒன்று சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டும்.

---

மார்த்தாண்டம் பட்டறை:

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. பட்டை கூட்டினால் வண்டி தாழாது, அவ்வளவே. பட்டை வாங்காத அதிர்ச்சி எங்கும் மறைந்து போவதில்லை, சேஸுக்குப் போகிறது. முக்கால் டன்னுக்கு அளந்து செய்த சேஸ் அது. பின்னால் ஒன்றரை டன் உட்காரும்போது பின் அச்சு ஆதாரமாகி முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் இலேசாகிவிட்டது என்று ஓட்டுநர் மகிழ்ச்சியாகச் சொல்வார். அந்த இலேசுக்கு அர்த்தம், முன் டயருக்குச் சாலையில் பிடி இல்லை என்பது. பிரேக்கும் அந்த எடைக்குச் செய்ததல்ல.

நான் மேலே சொன்ன இடத்தில், கேபினுக்குப் பின்னால், மயிரிழை போல ஒரு விரிசல் முதலில் வரும். பெயிண்டில் கோடு என்று நினைத்துவிடுவார்கள். அதை வெல்டு செய்தால் அதற்குப் பக்கத்தில் அடுத்த விரிசல் வரும். உங்கள் வண்டியை ஒரு நாள் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம், அடியில் விளக்கு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். விளைக்காரருக்கும் சொல்கிறேன்: கம்பெனி எண்ணிக்கையிலேயே பட்டை போடுங்கள். பட்டையை அச்சோடு பிடித்து வைக்கும் யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதிதாகவே போட வேண்டும், பழையதை மறுபடி முறுக்காதீர்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை ஒரு முறை இறுக்கிவிட வேண்டும்.

---

அருமனை மரலோடு:

கோபமில்லை அண்ணாச்சி. என் வண்டியிலும் ஸ்டியரிங் இலேசானது உண்மைதான், ஆனால் அதை வசதி என்றே எண்ணியிருந்தேன். வியாழக்கிழமை வண்டியோடு வருகிறேன்.

---

இரணியல் பக்கத்தான்:

துருவுக்கு ஒரு எளிய வழி இருக்கும்போது ஏன் இவ்வளவு செலவு? மாற்றி எடுத்த பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பாகம் முழுவதும் அடித்துவிட்டால் போதும். எங்கள் பக்கம் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

---

குலசேகரம் விளைக்காரன்:

ஐயா, அதில் எனக்கு உடன்பாடில்லை. ரப்பர் விவசாயி என்ற உரிமையில் சொல்கிறேன். இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. ஒரு துண்டு ஷீட்டை இன்ஜின் ஆயிலில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். ஊறிப் பெருத்து, கையில் எடுத்தால் நுங்கு போலக் குழைந்து வரும். பட்டைக்கொண்டையில் இருக்கும் புஷ், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் எல்லாம் பெரும்பாலும் அதே ரப்பர்தான். துருவைத் தடுக்கப் போய் புஷ்ஷைக் கெடுத்துக்கொள்வோம். மேலும் அடித்த ஆயில் முழுவதும் முதல் மழையில் சொட்டிக் கிணற்றுப் பக்கம்தான் போகும். எங்கள் விளையில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து கிணறு இருபது அடி.

பட்டறையில் கேட்டதில், சுரண்டி, துரு மாற்றும் கரைசல் பூசி, சிங்க் பிரைமர், அதன் மேல் தார் கலந்த அண்டர்கோட்டிங் என்றார்கள். சேஸின் உட்குழிவில் மட்டும் மெழுகு கலந்த ஸ்பிரே. செலவு கூடத்தான். ஆனால் ஒரு முறை முறையாகச் செய்துவிட்டால் நான்கைந்து மழைக்காலம் தாங்கும் என்கிறார்கள்.

---

மார்த்தாண்டம் பட்டறை:

விளைக்காரர் சொன்னது முழுவதும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அண்டர்கோட்டிங் அடிக்கும் நாளுக்கு முன் மூன்று நாளாவது வண்டி வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலும் துலா (வடகிழக்குப் பருவ) மழையிலும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஈரத்தின் மேல் பூசினால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகும். வெளியே கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே தின்றுகொண்டே போகும். நமது மாவட்டத்திற்கு இரண்டு மழைக்காலம் என்பதால், மாசி, பங்குனிதான் இதற்குத் தோதான மாதங்கள். வண்டியின் நீர்வடித் துளைகளைப் பூச்சு அடைத்துவிடாமல் தீக்குச்சி சொருகி வையுங்கள், பிறகு உருவிக்கொள்ளலாம்.

---

குளச்சல் கடலோரத்தான்:

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை யாருக்காவது இருந்தால் அது வேண்டாம். 2017-க்குள் 20 லட்சம் ஏஸ் வண்டிகள் விற்றிருந்தன. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிளட்ச் கேபிள் அறுந்தது. கருங்கலில் ஒரு சிறிய கடையில், கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தவரைக் கூப்பிட்டு வாங்கினேன். அரை மணியில் வண்டி ஓடியது.

---

தோவாளைப் பூக்காரன்:

விளைக்காரர் அண்ணாச்சி, முடிவு என்ன ஆயிற்று? உங்கள் மகன் என்ன சொல்கிறார்?

---

குலசேகரம் விளைக்காரன்:

தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து, எஃப்.சி.யும் வாங்கியாயிற்று.

முதலில் சேஸைத் தட்டிப் பார்த்தோம். மகன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு தட்ட, நான் வெளியே நின்று கேட்டேன். பட்டைக்கொண்டை இரு பக்கமும் சுத்தமான ஒலி. இடப்பக்கக் கேபின் மூலையில் ஓரிடத்தில் ஒலி செத்தது. அங்கே உள்ளங்கை அளவுத் தகடு வெட்டி வைத்தார்கள். லோடு பெட்டியின் பின்மூலைத் தகடு முழுவதும் மாற்றினோம். கிங்பின், நான்கு யூ போல்ட், கம்பெனி எண்ணிக்கையில் பட்டை, இரண்டு ஹீட்டர் பிளக், பிரேக் லைனர், வயரிங்கில் சிறு வேலை. பசுமை வரி, கட்டணம் தவிர்த்து 41,500 ரூபாய் ஆனது. மகன் புது வண்டிக்குக் கணக்கிட்டிருந்த மாதத் தவணையை வைத்துப் பார்த்தால் இது நான்கு மாதத் தவணைகூட வராது. 2022-இல் வந்த மின்சார ஏஸையும் அவன் விசாரித்துப் பார்த்தான். நாளெல்லாம் ஓடுகிறவருக்கு அதில் டீசல் மிச்சமாகும். எங்கள் ஓட்டத்திற்கு மிச்சமாகும் டீசலைக்கொண்டு அந்த விலையை ஈடுகட்ட முடியாது என்று அவனே சொன்னான்.

அயினிப் பலகையும் போட்டாயிற்று. அண்டி எண்ணெய் பூசும்போது கையுறை போட்டும் மணிக்கட்டில் ஒரு சொட்டுப் பட்டுத் தோல் உரிந்தது. குளச்சல் தம்பி எச்சரித்தும் கவனக்குறைவாக இருந்துவிட்டேன். அமிலக் கேனுக்குப் பெட்டிக்குள் இனி இடமில்லை. கேபினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கட்டி அதற்குள் நிறுத்தியிருக்கிறோம். நீர்வடித் துளை ஒவ்வொன்றிலும் பழைய சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். பால் சிந்திய அன்றே அதை மேலும் கீழும் இரண்டு முறை இழுத்தால் போதும்.

எஃப்.சி.க்கு மகனே ஓட்டிப் போனான். தக்கலை ஐயா எழுதிய உரிமத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் அவனுக்கு அந்தத் துணிவு வந்தது. திரும்பி வந்ததும் வண்டி நேராக ஓடுகிறது என்று மட்டும் சொன்னான். மறுநாள் அதிகாலையில் பால் வெட்டுக்கு முன்பே எழுந்து, நான் கேட்காமலேயே, கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

பட்டறை அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. பிரேக் பைப்பும் பதினாறு வருடத்துப் பழையதுதான். கசிவு எதுவும் இல்லை, ஆனால் பின் சக்கரத்துக்கு அருகில் மேல்தோல் வெடித்திருக்கிறது. எஃப்.சி.யில் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதே மாற்றிவிடவா, அடுத்த முறை பார்க்கலாமா?

---

மார்த்தாண்டம் பட்டறை:

இப்போதே மாற்றுங்கள். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றி, பிரேக் ஆயிலையும் முழுவதும் இறக்கிப் புதிதாக ஊற்றுங்கள். ஏர் எடுக்கும்போது (பைப்பில் தங்கிய காற்றை வெளியேற்றும்போது) மகனை பெடலில் உட்கார வையுங்கள்.